பரளச்சி நிறுத்தத்தில் கேட்ட கேள்வி

என் ராசாவுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. தபால்காரர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உன் தங்கை பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் படித்து, உன் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து படித்து, கடைசியாக என் கைக்கு வந்தபோது அதில் சாயமும் நெல்லிக்காய் ஊறுகாயும் பட்டிருந்தன. அதனால் என்ன, மூன்று தடவை படித்தேன். சென்னையில் அவ்வளவு பெரிய கம்பெனி, ஆலைகளுக்கு யோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனி, முதல் நேர்காணலில் உன்னைத் தேர்ந்தெடுத்து இரண்டாவதுக்குக் கூப்பிட்டிருக்கிறது என்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர், "யோசனை சொல்றதுக்கா சம்பளம் குடுக்காக?" என்று வாயைப் பிளந்தாராம். "ஆமா, நம்ம தெருவுலதான் எல்லாரும் அதைச் சும்மாவே சொல்லிக்கிட்டுத் திரியிறோம்" என்றாராம் இவர்.

சந்தோஷமெல்லாம் முதல் பக்கம் வரைக்கும்தான். இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உன்னைக் கேள்வி கேட்ட இருவரும் நீ சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை என்கிறாய். எங்கே சறுக்கினாய் என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம், ஆனால் கேட்டால் தப்பாக நினைப்பார்கள், அதனால் பேசாமல் இருபதாம் தேதி போய் உட்கார்ந்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாக இந்த ஒரு வேலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர்கள் எடுக்கப்போவது இரண்டே பேரை, ஒருமுறை தவறினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். அப்படியிருக்க, கையில் பதினோரு நாளை வைத்துக்கொண்டு கேட்காமல் போகப் பார்க்கிறாயே என்று எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது என் மேலேயே திரும்பியது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். சோறு வடித்துவிட்டேன், குழம்பை உன் தங்கை பார்த்துக்கொள்கிறாள், எனக்கு இன்றைக்கு வேறு வேலை கிடையாது.

கேட்கக் கூடாது என்பது உன் புத்தியில் தானாக முளைத்தது அல்ல. அது நம் தெருவின் பழக்கம். நெய்து முடித்த சேலையை முதலாளி கடையில் கொண்டுபோய் விரித்தால் வாயைத் திறக்கக் கூடாது. "எப்படி இருக்கு மொதலாளி?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதுவரைக்கும் கண்ணில் படாத குறையையெல்லாம் தேடிக் கண்டுபிடிப்பார், கூலியில் கைவைப்பார். அதனால் சேலையை வை, குனிந்துகொண்டு நில், கொடுத்ததை வாங்கு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வா என்றுதான் நம் ஆட்கள் இருந்தார்கள். சேலை விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் அந்தச் சேலை போனது போனதுதான். ஆனால் நேர்காணலில் விரித்து வைப்பது நம்மையே அல்லவா? மறுபடியும் அதையேதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வித்தியாசம் எனக்கே ஒரு மத்தியான வெயிலில்தான் உறைத்தது.

உனக்கு அப்போது எட்டு வயது. உன் தங்கை பிறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி, இப்போது நீ சேரப் பார்க்கிற கம்பெனிக்குப் பாட்டி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள், ஓர் ஆலைக்கு யோசனை சொல்வதற்காக நம் பக்கத்துக்கு வந்தது. நம் கரிசல்காட்டுப் பெண்கள் என்ன சேலை கட்டுகிறார்கள், ஏன் அதை வாங்குகிறார்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஆண்கள் போனால் ஒரு வீட்டிலும் வாசலைத் தாண்ட முடியவில்லையாம். அதனால் பள்ளி இறுதி வகுப்பு படித்த பெண்கள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உன் அப்பாதான் பார்த்துவிட்டு வந்து, "நீ தெனமும் செய்றதுதானே, போயிட்டு வா" என்றார். வீட்டில் அவர் தெலுங்கில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். தெலுங்கில் இன்னும் கொஞ்சம் நக்கலாக இருந்தது.

மூன்று கட்டம். முதலாவது அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. ஆள் எடுக்க வந்தவர் மதுரைக்காரர், கோபாலன் என்று பெயர். ஒல்லியாக, சிரிக்காத முகத்தோடு, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். கையெழுத்து, கணக்கு, நாலு கேள்வி, அவ்வளவுதான். இரண்டாவதுக்கு ஆறு பேர் தேறினோம். அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள், ஒவ்வொரு ஊர். எனக்குப் பரளச்சி. பத்து வீட்டில் நான் கேள்வி கேட்க வேண்டும், அவர் வெளியே நின்று கவனிப்பார். அதிலும் தேறினால் மூன்றாவது மதுரையில், சென்னையிலிருந்து வரும் பெரியவர் முன்னால். எடுக்கப்போவது இரண்டு பேரை. பன்னிரண்டு கேள்வி அச்சடித்த தாள்களை அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கினேன் பார், எனக்கு அந்த ஊரே என்னுடையது போல இருந்தது.

முதல் வீட்டில் ஓர் அம்மா மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வா என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். அவர் கட்டியிருந்தது ஆலையில் நெய்த, 'வாயில்' என்கிற மெல்லிய துணிச் சேலை. நானோ தறிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு சேலையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அவர் முந்தானையைப் பிடித்து, கரையைத் திருப்பி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இது மூணு தொவைப்புக்குத் தாங்காதே ஆத்தா" என்றேன். அவர், "தாங்காமலா? நான் ஒரு வருசமால்ல கட்டுறேன்" என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "ஒரு வருசமா? அப்படின்னா நீங்க அடிக்கடி தொவைக்க மாட்டீகளோ?" என்று கேட்டுவைத்தேன். மோர்ச் செம்பு அந்தக் கணமே என் கையிலிருந்து உள்ளே போய்விட்டது. வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டு கோபாலன் சார் என்னவோ எழுதினார். நான் என் துணியறிவைக் கண்டு அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது வீட்டில் இதே கதைதான். நைலான் சேலை வைத்திருந்த ஒரு புதுப்பெண்ணிடம் அது அடுப்பங்கரையில் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று விளக்கிக் கிட்டத்தட்ட அழவைத்துவிட்டேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும், உள்ளே இரண்டு பெண்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசுவது காதில் விழ, நானும் தெலுங்கில் ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து கல்யாணச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக விரித்துக் கதை சொன்னார்கள். வெளியே வந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்தவர் காதில் விழும்படி வீட்டுப் பேச்சைப் பேசிவிட்டோமே, மதுரையில் ஒரு வார்த்தை தெலுங்கு வரக் கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தாள்களை வாங்கிப் புரட்டிய கோபாலன் சார், "சரிம்மா, முடிவு லெட்டர்ல வரும்" என்றார். அவ்வளவுதான்.

பஸ் வர அரைமணி இருந்தது. இரண்டு பேருக்கும் அதே பஸ், அதே நிறுத்தம். அவர் ஒரு பக்கம் பையை வைத்துக்கொண்டு நின்றார், நான் இன்னொரு பக்கம் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தெருவில் பழகிய பழக்கம் வாயை மூடு என்றது. இன்னொரு மனது, இந்த மனுஷன் காலையிலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நீ எப்படிச் செய்தாய் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் பத்தடி தள்ளி நிற்கிறான், பஸ் வந்தால் போய்விடுவான் என்றது. எனக்கு அந்த வேலை வேண்டும் ராசா. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாலு சனத்தோடு பேச வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது. போனேன். அட்டையை இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? முடிவைக் கேக்கல. மார்க்கும் வேணாம். ஒருவேளை அடுத்த தடவை கூப்பிட்டாகன்னா, நான் எதை மாத்திக்கிடணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்ற வழக்கம் இல்லைம்மா" என்றார். சரிங்க சார் என்று நான் திரும்பினேன். "நில்லுங்க" என்றார். "யாரும் கேட்டதில்ல, அதான். கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்." உண்மையிலேயே யோசித்தார். பையிலிருந்து என் தாள்களை எடுத்து, 'ஏன் இந்தச் சேலையை வாங்கினீர்கள்' என்ற கேள்வியைக் காட்டினார். ஆறு வீட்டில் நான் ஒரே பதிலை எழுதியிருந்தேன்: 'விவரம் தெரியாமல்.' "இதை அவங்க சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?" என்றார். "ஒன்பது வீட்டுச் சேலையைப் பத்தியும் உங்க அபிப்பிராயம் எனக்கு இப்ப நல்லாத் தெரியும். அவங்க அபிப்பிராயம் ஒண்ணுகூடத் தெரியல. ஆலைக்காரங்களுக்கு வேண்டியது அதுதான்."

நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "இல்ல சார், அந்த வாயில் சேலை நெசமாவே மட்டம் சார், நூலைப் பாத்தாலே..." என்று ஆரம்பித்தேன். அந்தச் சிரிக்காத முகம் சிரித்தது பார், நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "இப்ப என்கிட்டயும் அதேதான் பண்றீங்க!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அதன் பிறகு அவர் சொன்னது நான் கேட்காமல் போயிருந்தால் என்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. "அந்தத் தெலுங்கு வீட்ல பேசினீங்களே, அது மாதிரி ஒரு பேட்டியை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அங்க மட்டும் நீங்க குத்தம் சொல்லல, சும்மா கேட்டுக்கிட்டிருந்தீங்க. அதை விட்றாதீங்க." எதை ஒளிக்க வேண்டும் என்று முடிச்சுப் போட்டேனோ அதுதான் என் பலமாம். பஸ் வந்தது. நன்றி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

மதுரைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. அதுவரைக்கும் இருந்த நாட்களில் உன் அப்பாவை வைத்துத்தான் பழகினேன். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பேன், அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று எனக்கு நானே விதி. மனுஷன் இரண்டு நாளில் ருசி கண்டுவிட்டார். "உங்களுக்குப் பிடிக்காத குழம்பு எது, ஏன்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டேன். "சுண்டைக்காய்க் குழம்பு" என்றார். ஒன்பது வருடமாக வாரத்துக்கு ஒரு தடவை வைத்த குழம்பு! பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன் பிடிக்கலை, கொஞ்சம் விவரமா சொல்லுங்க" என்றேன். விவரமாகச் சொன்னார், பாதகர், கால்மணி நேரம். அதற்கப்புறம் நம் வீட்டில் அந்தக் குழம்பு வைக்காததற்குக் காரணம் இதுதான், சுண்டைக்காய் விலை அல்ல.

மதுரையில் பெரியவர் குண்டாக, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். போட்டிருந்தது நைலான் சட்டை. சித்திரை மாதத்தில் நைலான்! என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கோபாலன் சார் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையே ஒரு வீடா நெனச்சு ஏதாவது கேளுங்க பார்ப்போம்" என்றார் பெரியவர். "இந்தச் சட்டையை யாரு சார் எடுத்தது?" என்றேன். மனைவி என்றார். "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. வேர்வையைப் பற்றி, சலவையைப் பற்றி, மனைவி ஆசையாக எடுத்ததைக் கழற்ற மனம் வராததைப் பற்றி அவர் பேசினார், பேசினார், நான் எழுதினேன், எழுதினேன். கடைசியில், "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே" என்று அவரே திகைத்தார். கோபாலன் சார் முகத்தில் ஒன்றுமில்லை, ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தார். வேலை கிடைத்தது. ஆறு வருடம் திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி, குமாரலிங்கபுரம் என்று பையை மாட்டிக்கொண்டு நான் சுற்றிய சுற்றலை நீயே பார்த்திருக்கிறாய். உன்னைக் காலேஜுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வந்ததும் அந்தப் பையிலிருந்துதான்.

அதனால் நீ போய்க் கேள். உன்னைக் கேள்வி கேட்ட பெரிய ஆட்களிடம் நேரே போக வேண்டாம். உனக்குக் கடிதம் போட்டு நாள் குறித்துக் கூப்பிட்டாரே ஓர் அதிகாரி, ஆள் எடுப்பதுதான் அவர் வேலை, அவரிடம் போ. நீ நல்லபடியாகத் தேறினால் அவருக்கும் நல்ல பெயர்தான், அதை மறக்காதே. தந்தி கிந்தி அடித்துவிடாதே, யாரோ போய்விட்டார்கள் என்று பதறிவிடுவார். நாலு வரியில் ஒரு கடிதம், இல்லையென்றால் நேரே போய் அஞ்சு நிமிஷம். கூப்பிட்டதற்கு நன்றி சொல். தேறுவேனா என்று கேட்காதே, அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது, சங்கடப்படுவார். அடுத்ததற்கு எதைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும், எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேள். சொல்ல மாட்டேன் என்றால் அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு வா, கெட்டது ஒன்றுமில்லை. சொன்னால், அம்மா மாதிரி எதிர்வாதம் பண்ணாமல் கேட்டுக்கொள். இரண்டு குறை சொன்னால் இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு மீதி நாள் முழுக்க அதையே செய்து பழகு. பழகிப் பார்க்க ஆள் இல்லையென்றால் உன் அறைத் தோழனை உட்காரவை.

இப்போது என் மேல் வந்த கோபத்தைச் சொல்கிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் இரண்டாவதாக வந்தாயே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து, "அம்மா, எங்க கொறஞ்சுச்சுன்னு தமிழ் சார்கிட்ட கேக்கவா?" என்றாய். நான், "வேணாம்லே, எதுத்துக் கேக்கியான்னு கோவிச்சுக்கிடுவாரு, சும்மா இரு" என்றேன். பரளச்சியில் கேட்டுப் பலன் கண்ட அதே நான்தான் சொன்னேன். எனக்காக என்றால் தைரியம் வந்தது, உனக்காக என்றதும் பயந்துவிட்டேன். அதோடு விட்டாயா, "நீங்களாவது சொல்லுங்க, நான் எப்படிப் பேசினேன்?" என்றாய். நான் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ பஸ் போவதுபோல அத்தனை வேகமாகப் பேசினாய், பின்வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும், "நல்லா இருந்துச்சுய்யா" என்றேன். உன் முகம் வாடக் கூடாது என்று சொன்னேன். நீ என்னை நம்பவில்லை என்பது அப்போதே உன் கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ என்னிடம் அப்படி எதையும் கேட்டதே இல்லை. யாரிடமும் கேட்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நம் தெரு இல்லை ராசா, நான்தான். என்னை மன்னித்துவிடு. முதல் நேர்காணலிலும் நீ வேகமாகத்தான் பேசியிருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் முறை.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரெல்லாம் போய் ஆயிரம் பெண்களிடம் கேள்வி கேட்டவள், பெற்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன்னை வளர்த்த இத்தனை வருடமும் என்னைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீ. எங்கே உன்னை நோகடித்தேன், எங்கே சும்மா இருந்திருக்க வேண்டிய இடத்தில் பேசினேன், எங்கே பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டேன் என்று உனக்குத்தான் தெரியும். வயதான காலத்தில் கண்ணைக் கசக்குவதற்காகக் கேட்கவில்லை. உன் தங்கைக்குப் பதினைந்து வயது. இன்னும் சில வருடம் என் கையில் இருப்பாள். நேற்றுக்கூட ஒரு கோலத்தைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் வழக்கம்போல நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உன்னிடம் செய்ததை அவளிடமும் செய்துகொண்டிருக்கிறேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

நீ இருபதாம் தேதி போய்விட்டு வந்தபிறகு சாவகாசமாக எழுது. சுற்றி வளைக்காமல் எழுது, நான் வாதாட மாட்டேன். உன்னிடம் நான் எதை மாற்றியிருக்க வேண்டும் என்று சொல். அவளிடம் மாற்றிக்கொள்கிறேன்.

அம்மா